டாக்ஸ் பாக்கிக்கு பேங்க்ரப்ட்சியா, ஆஃபரா, தவணையா? முதல்ல தேதியைப் பாருங்க

என் சித்தி பையன் ஒஹையோவுல இருக்கான். 2025 ஜூன்ல ஒருநாள் ராத்திரி போன் பண்ணி, "அக்கா, ஐஆர்எஸ்ல இருந்து சர்டிஃபைடு மெயில் வந்திருக்கு, ரெண்டு நாளா டேபிள் மேலயே கிடக்கு, பிரிக்கவே மனசு வரல"ன்னான். பிரிச்சு போட்டோ எடுத்து அனுப்புடான்னு சொன்னேன். லெவி போடப் போறோம், அதாவது சம்பளம், பேங்க் பணத்தைப் பிடிச்சுக்கப் போறோம், 30 நாள் டைம்னு அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் சொல்ற கடைசி நோட்டீஸ் அது. அடுத்த கேள்வி எல்லாரும் கேக்கிறதுதான்: "பேங்க்ரப்ட்சி போட்டா டாக்ஸ் கடன் போயிடுமா, இல்ல டாக்ஸ் மட்டும் போகவே போகாதா?"

நான் டாக்ஸ் சீசன்ல ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவ, வக்கீல் கிடையாது. ஆனா அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஆளுங்ககிட்ட இந்த விஷயத்துல ரெண்டு தப்பான நம்பிக்கை இருக்கிறதை வருஷா வருஷம் பாக்கிறேன். ஒண்ணு, வருமான வரிப் பாக்கி பேங்க்ரப்ட்சியில போகவே போகாதுன்றது. இன்னொண்ணு, டிவி விளம்பரம் பாத்துட்டு ஐஆர்எஸ் பத்துல ஒரு பங்கு வாங்கிட்டு விட்டுடும்னு நம்புறது. அதனால அவனுக்காக உக்காந்து போட்ட கணக்கை அப்படியே இங்க எழுதுறேன், அவன்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன்.

அவன் 2019ல வேலையை விட்டுட்டு 1099ல, அதாவது சுயதொழில்காரனா, கான்ட்ராக்ட் பண்ண ஆரம்பிச்சவன். சம்பளத்துல டாக்ஸ் பிடிக்க ஆளில்ல, காலாண்டுக்கு ஒருதடவை தானா கட்டணும்னு தெரிஞ்சும் கட்டல. வட்டி அபராதம் எல்லாம் சேர்த்து 2019க்கு 8,000 டாலர், 2020க்கு 13,000, அதே 2020க்கு ஆடிட் வந்து மேல 6,000, 2021க்கு 13,000, 2022க்கு 11,000. மொத்தம் 51,000. இதுக்கு மேல கிரெடிட் கார்டு 30,000. இப்போ மறுபடி சம்பள வேலையில இருக்கான், எல்லாச் செலவும் போக மாசம் 1,800 டாலர் கிட்ட மிஞ்சுது. வாடகை வீடு. 401கேல, அதாவது ரிட்டயர்மென்ட் சேமிப்புல, 70,000.

51,000னு ஒரே கடனா பாத்தீங்கன்னா எந்த முடிவும் எடுக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் தனித்தனி கடன், ஒவ்வொண்ணுக்கும் தனி ஜாதகம். ஐஆர்எஸ் வெப்சைட்ல லாகின் பண்ணி ஒவ்வொரு வருஷத்துக்கும் அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்ட் எடுங்க, ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட் இல்ல, அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்ட். இடது பக்கம் மூணு இலக்க கோடு இருக்கும். 150ன்னா ரிட்டர்ன் ஏத்துக்கிட்டு டாக்ஸ் போட்ட நாள், 460ன்னா எக்ஸ்டென்ஷன், 290, 300ன்னா பின்னாடி கூட்டிப் போட்ட டாக்ஸ், 480ன்னா ஆஃபர் (பாக்கியைக் குறைஞ்ச தொகைக்குத் தீர்த்துக்கக் கேக்கிற மனு) பெண்டிங். அந்த தேதிகள்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது.

சாப்டர் 7ல, அதாவது தவணை கட்டாம கடன் தள்ளுபடி கேக்கிற பேங்க்ரப்ட்சி வகையில, வருமான வரி போகணும்னா மூணு கடிகாரமும் ஓடி முடிஞ்சிருக்கணும். அந்த ரிட்டர்னோட கெடு தேதி, எக்ஸ்டென்ஷன் வாங்கியிருந்தா எக்ஸ்டென்ஷன் தேதி, அதுல இருந்து 3 வருஷம் தாண்டியிருக்கணும். ரிட்டர்னை நீங்க உண்மையிலேயே ஃபைல் பண்ணி 2 வருஷம் ஆகியிருக்கணும். டாக்ஸை அசெஸ் பண்ணி, அதாவது இவ்வளவுன்னு ஐஆர்எஸ் கணக்குல ஏத்தி, 240 நாள் ஆகியிருக்கணும். இதுக்கு மேல, பொய்க் கணக்கு காட்டியிருக்கக் கூடாது, ஏய்க்கணும்னே எதுவும் செஞ்சிருக்கக் கூடாது, அதுக்கு காலக்கெடுவே கிடையாது. பாக்கி இருக்கும்போது வீட்டையோ காரையோ மச்சான் பேருக்கு மாத்தி எழுதினவங்க எல்லாம் இந்த இடத்துலதான் மாட்டுவாங்க.

அவனோட தாள்களை வெச்சுப் பாத்தா 2019 சுத்தமா இருந்துச்சு. கெடு தேதி அந்த கொரோனா வருஷத்துல 2020 ஜூலை 15ன்னு தள்ளிப் போட்டிருந்தாங்க, அதுக்குள்ள ஃபைல் பண்ணிட்டான், எல்லா கடிகாரமும் எப்பவோ முடிஞ்சாச்சு. 2020க்கு எக்ஸ்டென்ஷன் வாங்கி 2021 அக்டோபர் 15க்குள்ள போட்டுட்டான், அதுவும் ஓகே. 2022க்கும் எக்ஸ்டென்ஷன், அதாவது 2023 அக்டோபர் 16, அப்போ 3 வருஷம் 2026 அக்டோபர் 16லதான் முடியும். எக்ஸ்டென்ஷன் வாங்காம ஏப்ரல்லயே போட்டிருந்தா ஆறு மாசம் முன்னாடியே முடிஞ்சிருக்கும், சும்மா இருக்கட்டும்னு வாங்கிற எக்ஸ்டென்ஷனுக்கு இப்படி ஒரு விலை இருக்குன்னு யாரும் சொல்றதில்ல.

2021தான் வயித்தெரிச்சல். அவன் அப்பா, என் சித்தப்பா, தவறின நேரம் அது. ரிட்டர்னே போடல. 2024 ஆரம்பத்துல ஐஆர்எஸ் தானே ஒரு ரிட்டர்ன் தயார் பண்ணி டாக்ஸ் போட்டுடுச்சு. டிரான்ஸ்கிரிப்ட்ல 150க்கு நேரா ஐஆர்எஸ் தயாரிச்ச மாற்று ரிட்டர்ன்னு இருந்தா அதைப் பாத்ததுமே உஷாராகணும். அது நீங்க ஃபைல் பண்ணின ரிட்டர்னா கணக்குல வராது, அதுக்கப்புறம் நீங்க உங்க ரிட்டர்னைக் கொண்டுபோய் கொடுத்தாலும் பெரும்பாலான கோர்ட்டுல அந்த டாக்ஸ் பேங்க்ரப்ட்சியில போகாது. ஆனாலும் கொடுக்கணும், கண்டிப்பா கொடுக்கணும், ஏன்னா ஐஆர்எஸ் போடுற ரிட்டர்ன்ல உங்க தொழில் செலவு எதையும் கழிக்க மாட்டாங்க. அவனுக்கு 34,000ன்னு இருந்தது சரியான ரிட்டர்ன் போட்டதும் 13,000 ஆச்சு.

லேட்டா போட்ட ரிட்டர்ன் விஷயத்துல நீங்க எந்த ஸ்டேட்ல இருக்கீங்கன்றதும் முக்கியம். 2005ல சட்டத்தை மாத்தினப்போ ரிட்டர்ன்னா என்னன்னு ஒரு வரி சேத்தாங்க, அதை வெச்சு டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி அடங்கிற ஃபிஃப்த் சர்க்யூட் (வட்டார மேல்முறையீட்டு கோர்ட்) 2012ல ஒரு நாள் லேட்டா போட்டாலும் அது ரிட்டர்னே இல்லன்னு சொல்லிடுச்சு, கொலராடோ பக்கம் டென்த் சர்க்யூட்டும் பாஸ்டன் பக்கம் ஃபர்ஸ்ட் சர்க்யூட்டும் அதே வழியில போச்சு. மத்த சர்க்யூட்ல அவ்வளவு கறார் இல்ல. டல்லாஸ்ல இருக்கிற ஒருத்தருக்கும் நியூஜெர்சியில இருக்கிற ஒருத்தருக்கும் ஒரே தேதி, ஒரே பாக்கின்னாலும் பதில் வேற வேற. லேட் ரிட்டர்ன் இருக்கிறவங்க உள்ளூர் வக்கீல்கிட்ட கேக்காம ஒரு அடி எடுத்து வைக்காதீங்க.

இப்போ ஆஃபர் இன் காம்ப்ரமைஸ். இதுலதான் அவன் ஏற்கெனவே அடிபட்டிருந்தான். 2024ல விளம்பரம் பண்ற ஒரு கம்பெனிக்கு 4,500 டாலர் கொடுத்திருக்கான். அவங்க 2021 ரிட்டர்னைப் போட்டுக் கொடுத்தது நல்ல காரியம், அதை மறுக்கல. ஆனா அதோட சேத்து 6,000க்கு ஒரு ஆஃபரும் போட்டாங்க. ஆஃபரை ஐஆர்எஸ் எப்படிப் பாக்குதுன்னா, உங்க சொத்தை வித்தா என்ன வரும், மாசம் மிஞ்சுறது எவ்வளவு, அதை ஒரே தொகையா அஞ்சு மாசத்துக்குள்ள கட்டுறதா இருந்தா 12ஆல பெருக்கு, இழுத்துக் கட்டுறதா இருந்தா 24ஆல பெருக்கு, ரெண்டையும் கூட்டு. அவன் விஷயத்துல 1,800ஐ 12ஆல பெருக்கினா 21,600. 401கேயை உடைச்சா டாக்ஸ், பெனால்டி போக 48,000 கிட்ட கையில வரும். ரெண்டும் சேர்ந்து பாக்கியையே தாண்டிடுச்சு. அப்புறம் எப்படி 6,000க்கு ஒத்துக்குவாங்க? பேப்பரும் பேனாவும் இருந்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம். அப்ளிகேஷன் ஃபீஸ் 205, கூட வெச்ச 20 சதவீதம் 1,200, ரெண்டும் திரும்பி வராது.

பணத்தை விட பெரிய நஷ்டம் வேற. ஆஃபர் பெண்டிங்ல இருக்கிற நாள் எல்லாம் அந்த 240 நாள் கடிகாரம் நின்னுடும், கூட 30 நாள் சேரும். ஆடிட் டாக்ஸ் 6,000ஐ 2024 மே 13ல அசெஸ் பண்ணினாங்க. நேரா ஓடியிருந்தா 2025 ஜனவரி ரெண்டாவது வாரத்துல 240 நாள் முடிஞ்சிருக்கும். செப்டம்பர் நடுவுல ஆஃபர் உள்ள போய் ஏப்ரல் நடுவுல நிராகரிச்சு வந்ததால அது 2025 செப்டம்பர் முதல் வாரத்துக்குப் போயிடுச்சு. நோட்டீஸுக்கு எதிரா ஹியரிங் கேட்டா இன்னும் மோசம், அது 3 வருஷ கடிகாரத்தையே நிறுத்திட்டு மேல 90 நாள் சேக்கும். அதனாலதான் ஜூன்ல வந்த அந்த நோட்டீஸுக்கு நாங்க ஹியரிங் கேக்கல. ஒரு வழியை முயற்சி பண்ணிட்டு சரிவரலன்னா இன்னொண்ணைப் பாக்கலாம்னு இந்த விஷயத்துல நினைக்கவே கூடாது, முதல்ல எடுத்த வழி அடுத்த வழியோட தேதியை நகர்த்திடும். நான் இந்தக் கட்டுரை எழுதுறதே இதைச் சொல்லத்தான்.

அப்போ ஆஃபர் யாருக்கு? சொத்தும் இல்லாம, வருமானம் வாழவே பத்தாம இருக்கிறவங்களுக்கு, பாக்கி எல்லாம் புது வருஷங்களா இருக்கிறவங்களுக்கு அது நிஜமாவே உதவும். ஏழ்மைக் கோட்டுக் கணக்குல 250 சதவீதத்துக்குள்ள வருமானம் இருந்தா ஃபீஸும் முன்பணமும் கேக்க மாட்டாங்க. ஒத்துக்கிட்டா அதுக்கப்புறம் 5 வருஷம் ரிட்டர்னும் டாக்ஸும் தவறாம போடணும், தவறினா பழைய கடன் முழுசா திரும்பி வந்துடும்.

தவணைத் திட்டம் கடிகாரத்தை நிறுத்தாது, அதுதான் அதோட அழகு. வட்டி ஓடும், லேட் பேமென்ட் பெனால்டி மாசம் அரை சதவீதம்னு இருக்கிறது நேரத்துக்கு ரிட்டர்ன் போட்ட வருஷங்களுக்கு கால் சதவீதமாக் குறையும். 50,000 டாலருக்குள்ள பாக்கி இருந்தா ஆன்லைன்லயே போடலாம், சொத்து விவரம் எல்லாம் கேக்க மாட்டாங்க. அவனுக்கு 51,000. 1,500 டாலருக்கு ஒரு செக் போடச் சொன்னேன். செக்லயும் கூட வெச்ச லெட்டர்லயும் "2021, ஃபார்ம் 1040, வரிக்கு மட்டும்"னு எழுத வெச்சேன். "ஏன் அக்கா 2021, 2019தானே பழசு?"ன்னான். பழசுதான்டா, ஆனா 2019ஐ கோர்ட்டே அழிச்சுக் கொடுக்கும், 2021ஐ நீதான் கட்டியாகணும், அப்போ உன் காசு எங்க போகணும்? நீங்களா விரும்பி அனுப்புற காசை எந்த வருஷத்துல வரவு வைக்கணும்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. லெவியில பிடிச்ச காசுக்கு கிடையாது. எதுவும் எழுதலன்னா ஐஆர்எஸ் தன் வசதிப்படி வைக்கும், பெரும்பாலும் பழைய வருஷத்துலதான் போய் உக்காரும். நல்ல மனசோட மாசா மாசம் கட்டிட்டு, போயிருக்க வேண்டிய கடனையே அடைச்சு, போகாத கடனை அப்படியே வெச்சிருக்கிறவங்களைப் பாத்தா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

50,000க்குள்ள வந்ததும் மாசம் 700னு பிளான் ஓகே ஆச்சு, லெவி பயம் போச்சு. இந்த பிளான் இன்னொரு விதத்துலயும் உபயோகம், 2025 கணக்குப்படி 64,000 டாலருக்கு மேல பாக்கி இருந்து லீனோ (சொத்து மேல அரசாங்கம் போடுற கடன் உரிமை) லெவியோ போட்டிருந்தா அமெரிக்க பாஸ்போர்ட்டையே நிறுத்தி வைக்கலாம், தவணையில ஒழுங்கா இருக்கிறவங்களுக்கும் பேங்க்ரப்ட்சியில இருக்கிறவங்களுக்கும் அந்தத் தொல்லை வராது.

சாப்டர் 13 பத்தி சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா அவனுக்கு அது சுத்தமா ஒத்துவரல. 3ல இருந்து 5 வருஷம் வரை மாசம் மிஞ்சுறதை டிரஸ்டிகிட்ட (கேஸைப் பாத்துக்கிற அதிகாரி) கட்டணும். 1,800ஐ 60 மாசத்துக்குக் கணக்கு பண்ணினா 1,08,000, அவனோட மொத்தக் கடனே 81,000தான். ஒரு டாலர்கூட தள்ளுபடி ஆகாது. ஆனா வீட்டுல நல்ல ஈக்விட்டி (வீட்டுக் கடன் போக மிஞ்சுற மதிப்பு) இருந்து அதைக் காப்பாத்தணும்னு நினைக்கிறவங்களுக்கும், பாக்கி எல்லாம் 3 வருஷத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கும் இது நல்ல வழி. அந்தப் புது வருஷ வரியை முழுசா கட்டியாகணும்தான், ஆனா லீன் இல்லாத பாக்கிக்கு பொதுவா மேல வட்டி ஓடாது, அபராதம் சாதாரண கடனோட கடனாப் போயிடும். கடைசி 4 வருஷ ரிட்டர்ன் எல்லாம் ஃபைல் ஆகியிருக்கணும்.

சாப்டர் 7க்கு வருவோம். நிறைய பேர் "எனக்கு சம்பளம் ஜாஸ்தி, மீன்ஸ் டெஸ்ட்ல ஃபெயில் ஆயிடுவேன்"னு விட்டுடுறாங்க. மீன்ஸ் டெஸ்ட் நுகர்வோர் கடன் (சொந்த, குடும்பச் செலவுக்கு வாங்கின கடன்) பெரும்பங்கா இருக்கிறவங்களுக்குத்தான். வருமான வரியை கோர்ட்டுங்க பொதுவா நுகர்வோர் கடனா எடுத்துக்கிறதில்ல. அவனுக்கு டாக்ஸ் 50,000 கிட்ட, கார்டு 30,000, பாதிக்கு மேல டாக்ஸ், அதனால அந்த டெஸ்ட்டே இல்லாம உள்ள போக முடிஞ்சுது. வக்கீல் இதைச் சொன்னப்போ அவன் நம்பவே இல்ல, திரும்பத் திரும்பக் கேட்டான்.

லீன் விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. பேங்க்ரப்ட்சிக்கு முன்னாடியே ஐஆர்எஸ் கவுன்ட்டியில லீன் ஃபைல் பண்ணியிருந்தா, கடன் உங்க தலையை விட்டுப் போகும், ஆனா அன்னிக்கு உங்ககிட்ட இருந்த வீடு, நிலம் மேல லீன் அப்படியே நிக்கும். வீட்டுல 60,000 ஈக்விட்டி வெச்சிருக்கிறவருக்கு சாப்டர் 7ஓட பாதி பலன் போன மாதிரி. அவனுக்கு வீடு இல்ல, லீனும் ஃபைல் ஆகல. 401கே மேல மட்டும் ஃபைல் பண்ணாத லீனும் ஒட்டிக்கிட்டு இருக்க முடியும், அதை வக்கீல் முன்கூட்டியே சொல்லிட்டார். வேணும்னே ஏமாத்தினவங்களைத் தவிர மத்தவங்களோட ரிட்டயர்மென்ட் பணத்துல ஐஆர்எஸ் பொதுவா கை வைக்கிறதில்லன்றதால அந்த ரிஸ்க்கை ஏத்துக்கிட்டோம்.

வெளிநாட்டுல இருக்கிற நிலம், பேங்க் அக்கவுன்ட், அப்பா சொத்துல பங்கு எல்லாத்தையும் பெட்டிஷன்ல காட்டியாகணும், எங்க இருந்தாலும் கணக்குதான். மறைச்சா கிரிமினல் கேஸ். இன்னொண்ணு, புருஷன் பொண்டாட்டி ஜாயின்ட்டா ரிட்டர்ன் போட்டிருந்தா ஒருத்தர் மட்டும் பேங்க்ரப்ட்சி போட்டா மத்தவர் தலையில அந்தக் கடன் முழுசா நிக்கும். இதை மறந்துட்டு புருஷன் பேர்ல மட்டும் போட்டவங்க உண்டு. ஆளுங்களை வெச்சு பிசினஸ் பண்றவங்க சம்பளத்துல பிடிச்சுக் கட்டாம விட்ட டாக்ஸ் எந்தக் காலத்துலயும் எந்த சாப்டர்லயும் போகாது, அதுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

சும்மா காத்திருக்கிறதும் ஒரு வழிதான். அசெஸ் பண்ணின நாள்ல இருந்து 10 வருஷம்தான் ஐஆர்எஸ் வசூலிக்க முடியும். எட்டு ஒன்பது வருஷம் ஆன பாக்கி, கையில காசில்லாத வயசானவங்க, இவங்க இப்போ வசூலிக்க முடியாதுன்ற நிலையைக் கேட்டு வாங்கிட்டு பேசாம இருக்கலாம். ரீஃபண்ட் வந்தா பிடிச்சுக்குவாங்க, வட்டி ஓடும், ஆனா 10 வருஷக் கணக்கும் ஓடும். அந்த நேரத்துல பதறிப்போய் பேங்க்ரப்ட்சியோ ஆஃபரோ போட்டா அந்த 10 வருஷக் கணக்கு நின்னுடும், பேங்க்ரப்ட்சின்னா அது முடிஞ்சப்புறமும் 6 மாசம் சேரும்.

கடைசியா எங்களுக்கு ரெண்டே கேள்விதான் மிஞ்சுச்சு: 2025 செப்டம்பர்லயே சாப்டர் 7 போடுறதா, இல்ல 2022ம் சேர்ந்து போகட்டும்னு 2026 அக்டோபர் 16 தாண்டுற வரைக்கும் பொறுக்கிறதா. உடனே போட்டா 2019, 2020, ஆடிட் டாக்ஸ்னு 27,000மும் கார்டும் போகும், 2021லயும் 2022லயும் சேர்த்து 22,500 நிக்கும். பொறுத்தா 2022ம் போய் 11,500தான் நிக்கும், ஆனா தவணைக் காசை ஐஆர்எஸ் தன் வசதிப்படி வைக்கிறதால அந்த 13 மாசம் 700, 700ன்னு 9,100 பழைய வருஷத்துக்கே போயிருக்கும். கூட்டிப் பாத்தா வித்தியாசம் 2,000 டாலர் கிட்டதான். அந்த 2,000க்காக ஒரு வருஷம் கார்டு கம்பெனி கேஸ் போடாம இருக்கணும், ஐஆர்எஸ் லீன் போடாம இருக்கணும், அவனும் ஒரு தவணைகூடத் தவறாம இருக்கணும். சாப்டர் 7 ஒருதடவை வாங்கினா 8 வருஷத்துக்கு இன்னொண்ணு கிடைக்காது, கிரெடிட் ரிப்போர்ட்ல 10 வருஷம் இருக்கும், அதனால பொறுத்து மொத்தமா முடிச்சுக்கலாம்னு அவன் பொண்டாட்டி சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. 2022 பாக்கி 11,000க்குப் பதிலா 30,000 இருந்திருந்தா நானும் பொறுக்கத்தான் சொல்லியிருப்பேன். இவனுக்கு நான் உடனே போடுன்னேன்.

செப்டம்பர் முதல் வாரம் தாண்டட்டும்னு ரெண்டு வாரம் கூடுதலா விட்டு 22ஆம் தேதி பெட்டிஷன் போட்டாங்க. கோர்ட் ஃபீஸ் 338 டாலர், வக்கீல் ஃபீஸ் தனி. டிரஸ்டியோட மீட்டிங் வீடியோ கால்லதான், ஆறேழு நிமிஷம், எந்தக் கடன்காரனும் வரல. 2026 ஜனவரி கடைசியில டிஸ்சார்ஜ் ஆர்டர் வந்துச்சு. அந்த ஆர்டர்ல எந்த வருஷத்து டாக்ஸ் போச்சுன்னு ஒரு வார்த்தை இருக்காது, பொதுவா கடன் தள்ளுபடின்னுதான் இருக்கும். எது போச்சு, எது நிக்குதுன்னு ஐஆர்எஸ் தன் கணக்குப்படி பாத்துதான் புக்ல கழிக்கும், அதனால அந்த டிரான்ஸ்கிரிப்ட்களை பெட்டிஷன் போட்ட தேதியில இருந்த மாதிரியே பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கான்.

போன வாரம் 2019ஓட டிரான்ஸ்கிரிப்ட்டை அனுப்பினான், மேல பாலன்ஸ்னு போட்ட இடத்துல 0.00. 2020லயும் அதேதான், ஆடிட் தொகையும் சேர்த்து. மிச்சம் இருக்கிற 22,500க்கு மாசம் 400ன்னு புதுசா தவணை போட்டிருக்கான், அதுக்கு மேல எப்போ கையில காசு வந்தாலும் தனி செக், செக்ல 2021ன்னு எழுதி.